லைன் போகவில்லை

இன்டர்நெட் கேபிளின் எட்டு வயரையும் நிற வரிசை மாறாமல் அடுக்கி ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப்புக்குள் நுழைக்க வேண்டும். வயர் ஒவ்வொன்றும் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அவன் அவற்றைக் கட்டைவிரல் நகத்தால் நீவி நேராக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே தள்ளப்போகும் நேரம் பார்த்துத்தான் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"டவரு, லைன் எப்ப வரும்?"

"கதவை மூடுங்கண்ணே. காத்துல வயர் ஆடுது."

"மூடுனா லைன் வந்துருமா?"

வயர் கலைந்துவிடும். அவன் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்குவது நான்.

இந்தக் கட்டட வேலையில் இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். எல்லாரும் டவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தது கம்பி மேஸ்திரி. ஆள் குட்டை, ஸ்டூல் போடாமல் என் மருந்து அலமாரியின் மேல்தட்டு அவனுக்கு எட்டாது. ஆனால் "டவர் கிடைக்கவில்லை" என்று இங்கே யார் எந்த மூலையில் கத்தினாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான்.

அவனுடைய ரூட்டரும் பாட்டரிகளும் நான் இருக்கும் முதலுதவி அறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்காக இந்த அறைக்கு மட்டும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கரண்ட் நிற்காத இடத்தில்தான் ரூட்டர் இருக்க வேண்டும் என்று அவன் சொன்னான். மேனேஜர் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு இந்த வேலையிடத்தில் தலைவலிக்காரர்கள் பெருகிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, போனை எடுத்து வீடியோ பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். இப்போது தலைவலி என்று வந்தால் முதலில் போனை மேஜைமேல் வைக்கச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு அங்கேயே வலி விட்டுவிடுகிறது.

இதற்கு முன்னால் அவன் கேபிள் டிவிக்காரரிடம் வேலை பார்த்தான். மொட்டைமாடி மொட்டைமாடியாக வயர் இழுப்பது. பிறகு வீடுகளுக்கு பிராட்பேண்ட். இரண்டு வேலையிலும் வாங்கிய திட்டு ஒரே திட்டுதான் என்பான். "டிவி தெரியலைன்னா திட்டுவாங்க. தெரிஞ்சா யாரும் போன் பண்ணி நல்லா தெரியுதுப்பான்னு சொல்ல மாட்டாங்கம்மா." இங்கேயும் அதே கதைதான். இங்கே போனால் நிற்பது ஒரு சீரியல் அல்ல, நூறு பேர் வேலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் வீடு இங்கிருந்து பக்கம். வீட்டில் அப்பா படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் வேலை செய்யாது. பேச்சு பாதி புரியும், கோபம் முழுக்கப் புரியும். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட். அதனால் மதியம் இவன் ஸ்கூட்டரில் போய் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறான். புரட்டும்போது முதுகுக்குப் பின்னால் தலையணையை எப்படிச் சாய்க்க வேண்டும், விழுங்கும்போது தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வான். இதுவரை அந்த மனிதருக்குப் படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. இது சாதாரண விஷயமில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பார்க்கும் வீடுகளில்கூட வந்துவிடுகிறது.

மற்ற நேரத்துக்கு வீட்டு அலமாரியின்மேல் ஒரு கேமரா வைத்திருக்கிறான். வேலைக்கு நடுவில் போனில் அப்பாவை எட்டிப்பார்ப்பான். அப்பாவுக்கு இது பிடிக்காது. நல்ல கையில் இருக்கும் பிளாஸ்டிக் தம்ளரைக் கேமராவைப் பார்த்து ஆட்டிக் காட்டுவார். "திட்டுறாரு. அப்ப நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொள்வான்.

கட்டட வேலைக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் வந்த புதிதில் கேட்டிருக்கிறேன். கம்பி, சிமென்ட், மணல், ஆள். வேறென்ன வேண்டும்? இப்போது அப்படி இல்லை. வரைபடம் காகிதத்தில் வருவதில்லை. சூப்பர்வைசர் கையிலிருக்கும் டேப்லெட்டில் வருகிறது. அதை இங்கே எல்லாரும் டேப் என்பார்கள். வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் இன்ஜினியர் அங்கே ஒரு கோட்டை மாற்றினால் இங்கே டேப்பில் கோடு மாறும். கம்பி கட்டி முடித்ததும் சூப்பர்வைசர் ஒவ்வொரு இடத்தையும் படம் பிடித்து அனுப்புகிறாள். அந்த இன்ஜினியர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் கான்கிரீட் கலக்கும் இடத்திலிருந்து லாரி கிளம்பும். லாரி எங்கே வருகிறது என்பதும் திரையில் ஓடும். அந்த இன்ஜினியர் இங்கே ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் எந்தத் தூணில் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் பார்த்த பெரிய டாக்டர்கள் சிலர் இப்படித்தான். படத்தைப் பார்த்தே ஆளைப் படித்துவிடுவார்கள்.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான், அந்த லைனை மனிதர்கள் சும்மா விட்டால். விடமாட்டார்கள். ஆன்டெனாவின் மேல் ஹெல்மெட்டைக் காயப்போடுவார்கள். அதற்கு முன்னால் தகரத்தைச் சாய்த்துவைப்பார்கள். வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் டிரில்லைச் செருகுவார்கள், வேலை முடிந்ததும் டிரில்லை எடுத்துக்கொண்டு போவார்கள், பிளக்கை யாரும் திருப்பி மாட்டமாட்டார்கள். பாஸ்வேர்டு ரகசியம் என்று மேனேஜர் உத்தரவு. அதனால் அது டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். ஈரத் துண்டைக் கேபிள்மேல் காயப்போட்ட ஒரு தச்சரிடம் டவர் கெஞ்சியதை நானே கேட்டேன்.

"அண்ணே, அது கொடி இல்லண்ணே. அதுக்குள்ள இன்டர்நெட் ஓடுது."

"ஓடட்டும், தம்பி. துண்டு அதை என்ன பண்ணிச்சு?"

அடித்தளம்தான் எல்லாவற்றையும்விட மோசம். தரைக்குக் கீழே இரண்டு மாடி ஆழம், சுற்றிலும் தடிமனான சுவர். அங்கே எந்த போனிலும் சிக்னல் ஒரு கோடுகூட வராது. இவன் கேபிளை இறக்கி, ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூணில் மாட்டி, அதன் வழியாகத்தான் கீழே இருப்பவர்களுக்கு லைன் கொடுத்தான்.

போன வாரம் அந்தக் கேபிளைத் தள்ளுவண்டி ஏறி நசுக்கிவிட்டது. அரைநாள் வேலை நின்றது. மேனேஜர் என் அறை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னொரு தடவை லைன் போச்சு, உன்னை அந்த மலைச் சுரங்க வேலைக்கு அனுப்பிடுவேன். அங்க நெட்டு பார்க்கிற ஆள் விட்டுட்டுப் போயிட்டான். நீ போய் அங்க உக்காரு."

"சார், தள்ளுவண்டி ஏறினதுக்கு நான் என்ன..."

"எனக்குக் காரணம் வேண்டாம். லைன் வேணும்."

அந்த மலைக்குப் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு வரலாம். பிறகு மதியத்தில் அவன் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? மனைவிக்கு ஷிப்ட் நடுவில் விடமாட்டார்கள். அப்பாவுக்கோ வெளியாள் யார் தொட்டாலும் கை ஓங்கும் பழக்கம். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். தம்ளர் என் தோளில் பட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். மேனேஜர் போனதும் அவன் கீழே போய் அந்தக் கேபிள் முழுவதையும் இரும்புக் குழாய்க்குள் விட்டுவிட்டு வந்தான்.

நேற்று காலை நடந்தது இதுதான். அடித்தளத்துப் பெரிய சுவருக்கு மறுநாள் விடியலில் கான்கிரீட் போட வேண்டும். கம்பி கட்டியாகிவிட்டது, ஒருபக்கப் பலகை அடைத்தாகிவிட்டது. சூப்பர்வைசர் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயசுதான், வேலையில் கெட்டிக்காரி. கீழ்த்தளத்தில் அவள் குரல் கேட்டால் தச்சர்கள் பேச்சை நிறுத்துவார்கள். காலையில் ஆபீஸ் இன்ஜினியர் போன் செய்து, ஒரு படம்கூட வரவில்லை என்றார்.

மேனேஜர் என் அறைக்கதவைத் தட்டவில்லை. உதைத்தார் என்றே சொல்லலாம்.

"போச்சா? மறுபடி போச்சா?"

டவர் ரூட்டரைப் பார்த்தான். எல்லா விளக்கும் பச்சை. "இங்க நல்லா இருக்கு சார். கீழ பார்க்கிறேன்."

"பாரு, பாரு. சாயங்காலத்துக்குள்ள படம் போகலைன்னா லாரி வராது. லாரி வரலைன்னா நீ பஸ் ஏறு."

அவன் ஓடினான். காலை முழுவதும் ஓடினான். கிளிப்பை மாற்றினான். கேபிளைக் குழாயிலிருந்து உருவி, முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி நுழைத்தான். வெள்ளைப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினான். மேலே வந்தான், ரூட்டரை அணைத்துப் போட்டான், கீழே போனான். ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் டேப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போன மாதிரிதான் காட்டுது. ஆனா அங்க வரலைங்கிறாங்க" என்றாள். கம்பி மேஸ்திரி சும்மா இருக்கவில்லை.

"டவரு, உன் வயரைவிடப் புறா வளர்த்திருக்கலாம். அதுகூட இந்நேரம் படத்தைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கும்."

"புறாவுக்கும் பொழுதுக்கும் தீனி போடணும், மேஸ்திரி."

"உனக்கும் போடுறாங்கல்ல?"

இவனுக்குக் குற்றவாளியாக நின்று பழகிவிட்டது. அதுதான் கோளாறு. படம் போகவில்லை என்றதும் தன் லைன்தான் போய்விட்டது என்று அவனே நம்பிவிட்டான். வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

மதியம் ஒரு தச்சர் ஆணிமேல் கால் வைத்துவிட்டார். அவரை மேலே தூக்கி வருவதைவிட நான் போவது சுலபம் என்று பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியிருந்தது. சுத்தம் செய்து கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். டவர் பக்கத்திலேயே ஏணியில் நின்றுகொண்டிருந்தான், இரண்டாவது பெட்டியையும் கழற்றப்போகிறவனாக. அவன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

"தம்பி, அப்பா?" என்றேன்.

அவன் ஏணியில் நின்றபடியே போனை எடுத்துப் பார்த்தான். எனக்கும் திருப்பிக் காட்டினான். அப்பா கேமராவைப் பார்த்து தம்ளரை ஆட்டிக்கொண்டிருந்தார். படம் அத்தனை தெளிவாக இருந்தது; தம்ளரின் விளிம்பு உடைந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"பசி. கோவத்துல இருக்காரு. இதை மாட்டிட்டு ஒரே ஓட்டமா..." என்று சொல்லிக்கொண்டே போனைப் பையில் போடப்போனான். போடவில்லை. திரையைப் பார்த்தான். சுற்றியிருந்த சுவர்களைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"லைன் போகலைம்மா."

"என்னப்பா சொல்ற?"

"இங்க வேற சிக்னலே கிடையாது. என் லைன் வழியாத்தான் எங்கப்பா தெரியிறாரு. எங்கப்பா தெரியிறாருன்னா லைன் இருக்கு." குரல் உயர்ந்துகொண்டே போனது. "காலையிலேர்ந்து நான் ஏன் நாய் மாதிரி ஓடிட்டிருக்கேன்?"

ஏணியிலிருந்து குதித்தான். சூப்பர்வைசரிடம் போய்க் கையை நீட்டினான். "மேடம், அந்த டேப்பைக் குடுங்க."

அவள் கொடுத்தாள். திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன விமானம் இருந்தது. அவ்வளவு சின்னது, கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கூடக் குனிந்துதான் பார்த்தேன்.

"ஃப்ளைட் மோடு யார் போட்டது?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "நான்தான்."

"ஏன் மேடம்?"

"படம் எடுக்கிறப்ப நடுவுல வாய்ஸ் மெசேஜா வந்து விழுதுங்க. ஒண்ணு கேட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு. ஸ்க்ரீனையே மறைச்சிடுது. முந்தாநாள் எரிச்சல் தாங்காம அதைப் போட்டேன். எடுக்கத் தோணல. பச்சை டிக் வந்துச்சே, அதான் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

பச்சை டிக் என்றால் படம் டேப்புக்குள் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம், போய்ச்சேர்ந்தது என்று இல்லையாம். போய்ச்சேர்ந்தால் இரண்டு டிக் வருமாம். இதை ஏற்பாடு செய்த புண்ணியவான் யாரோ, அவன் என்றைக்காவது என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் ஊசியை நிதானமாகப் போடுவேன்.

டவர் விமானத்தை அணைத்தான். வெள்ளைப் பெட்டியின் விளக்கு படபடவென்று துடித்தது. படங்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. ஒற்றை டிக் எல்லாம் இரட்டை டிக்காக மாறிக்கொண்டு வந்தன. அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் மூச்சு வந்தது.

"கிளம்பு, தம்பி. அப்பா காத்திருக்காரு."

அப்போதுதான் டேப் டிங் என்றது. போவது மட்டுமா, வருவதும் வருமே. அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வந்து விழுந்தது. மேனேஜரின் வாய்ஸ் மெசேஜ்கள் மழை மாதிரி. அவற்றுக்கு அடியில் ஒரு புதிய வரைபடம். சூப்பர்வைசர் அதைத் திறந்தாள், விரலால் விரித்தாள், சுவரைப் பார்த்தாள்.

"மேஸ்திரி," என்றாள் மெல்ல. "காத்துக் குழாய்க்கு விட்ட ஓட்டை எங்க இருக்கு?"

"தூணுக்கு இந்தப் பக்கம். நீங்க காட்டின படத்துல இருந்த இடத்துல."

"இப்ப அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. இங்க தண்ணிக் குழாய் குறுக்க வருதாம்."

மேஸ்திரி தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கட்டிய கம்பியையெல்லாம் அறுத்து, தூணுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓட்டைவிட்டு, அதைச் சுற்றி மறுபடி கம்பி கட்ட வேண்டும். பலகையைப் பிரிக்க வேண்டும். அவர் ஆட்கள் கையெல்லாம் கட்டுக்கம்பி குத்தின காயம். மருந்து போட்டது நான், எனக்குத் தெரியும்.

"முந்தாநாளே சொல்லியிருந்தா ஒரு கம்பிகூடக் கட்டியிருக்க மாட்டேன்," என்றார். "புறாவே தேவலாம்னு சொன்னேன். கேட்டீங்களா?"

"கான்கிரீட் போட்ட பிறகு தெரிஞ்சிருந்தா?" என்றான் டவர்.

மேஸ்திரி தலைப்பாகையைத் திருப்பிக் கட்டிக்கொண்டார். கான்கிரீட் போட்ட சுவரில் ஓட்டை போடுவது எத்தனை நாள் உடைக்கும் வேலை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

டவர் வீட்டுக்குப் பறந்தான். அப்பா சாப்பாட்டைத் துப்பினாராம். நேரம் தவறினால் அவருக்குப் பிடிக்காது.

சாயங்காலம் மேனேஜர் எல்லாரையும் என் அறைக்குக் கூப்பிட்டார்; ரூட்டர் இருக்கும் இடத்தில்தான் ஆபீஸ் இன்ஜினியருடன் திரையில் பேச முடியும். சூப்பர்வைசர் தலைகுனிந்து நின்றாள். மேனேஜர் ஆரம்பித்தார்.

"படிச்ச பொண்ணு. ஃப்ளைட் மோடு போட்டுட்டு ரெண்டு நாள் சுத்தியிருக்கே. பொறுப்பு வேண்டாமா?"

"தப்பு என்னோடதுதான் சார்," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "ஆனா முந்தாநாள் ஒரே காலையில நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜை எண்ணிப் பாருங்க. வேலை எங்க வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டே எங்களை வேலை செய்ய விடலை."

திரையிலிருந்த ஆபீஸ் இன்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. புது டிராயிங் உங்களுக்கும்தான் அனுப்பினேன். நீங்க பார்த்துட்டதா காட்டுது."

"நான் நிறையப் பார்க்கிறேன். அதுல எதுன்னு..." மேனேஜர் தன் போனை எடுத்துத் தேடத் தொடங்கினார்.

காலையில் வரவேண்டிய லாரியை ரத்து செய்தார்கள். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். மேனேஜர் டவரின் தோளில் தட்டினார்.

"நல்ல வேலை செஞ்சே. காலையில கத்தினதை மனசுல வச்சுக்காதே. உன்னை மாதிரி மூளை உள்ள ஆளுதான் அந்தச் சுரங்க வேலைக்கு வேணும். அங்க லைன் சுத்தமா நின்னுபோச்சு. திங்கக்கிழமை கிளம்பிடு."

நான் கையிலிருந்த பஞ்சுச் சுருளைக் கீழே வைத்தேன். லைன் போனால் மலைக்கு. லைன் போகவில்லை என்று கண்டுபிடித்தாலும் மலைக்கு. இதற்கு என்ன பெயர்?

டவர் சாதாரணமாகக் குரல் உயர்த்துகிறவன் இல்லை. நேற்று இரண்டாவது தடவையாக உயர்த்தினான்.

"சார், ஒரு நிமிஷம். இதோ திரையில இருக்காரே, இந்த சார் இங்க வந்து ஒரு கம்பியையாவது தொட்டிருக்காரா?"

"இல்லை. அதுக்கென்ன?"

"தொடாமலே சரி, தப்பு சொல்றாரு. அவர் சொன்னாத்தான் லாரியே கிளம்புது. அவரை யாரும் மலைக்கு அனுப்பலை, இங்கயும் வரச் சொல்லலை. லைன் இருந்தா எங்கேருந்து வேணும்னாலும் வேலை பார்க்கலாம்னுதானே இவ்வளவு வயர் இழுத்தோம்? அப்ப அந்த லைனைப் பார்த்துக்கிறவன் மட்டும் ஏன் சார் பெட்டியைத் தூக்கிட்டு நேர்ல போய் உக்காரணும்? நானும் இங்கேருந்தே பார்க்கிறேன்."

"லைனே இல்லாத இடத்தை இங்கேருந்து எப்படிய்யா பார்ப்பே?"

"அங்க போன் சிக்னல் இருக்குல்ல? அங்க ஸ்டோர் பார்க்கிறாரே, அவரை வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. கை அவர் கையா இருக்கட்டும், கண்ணு நான்."

"அவருக்கு எதுவும் தெரியாதே."

"எனக்கும் எங்கப்பாவைப் புரட்டத் தெரியாது சார். இந்தம்மா பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லித்தான் செஞ்சேன்."

"நியாயமாத்தான் கேக்கிறான்," என்றார் கம்பி மேஸ்திரி. அவர் டவருக்காகப் பேசி நான் கேட்டது நேற்றுத்தான். திரையில் இருந்தவரும், "முயற்சி பண்ணிப் பார்க்கலாம் சார்" என்றார்.

மேனேஜர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "நாளைக்குக் காலையில. அங்க லைன் வந்தா இங்கயே இரு. வரலைன்னா பேச்சே கிடையாது."

இன்று காலை டவர் சீக்கிரமே வந்து என் மேஜையில் போனைச் சாய்த்துவைத்தான். திரையில் முதலில் ஒரு கூரை தெரிந்தது. பிறகு ஒரு காது. சுரங்க வேலையின் ஸ்டோர்காரருக்கு என் வயதிருக்கும். போனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"அண்ணே, உங்க காது நல்லா இருக்கு. ஆன்டெனாவைக் காட்டுங்க."

"காட்டிட்டுத்தானே இருக்கேன்."

"அது தண்ணித் தொட்டி. அதுக்குப் பக்கத்துல, வெள்ளையா, தட்டு மாதிரி."

தட்டு தெரிந்தது. காற்றில் திரும்பி, மலையின் வெற்றுப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவிலிருக்கும் கம்பத்தைப் பார்க்க வேண்டியது அது. ஆகவே அங்கே வேறொன்றும் கெட்டுப்போகவில்லை. விட்டுப்போன ஆள் அதன் நட்டைச் சரியாக முறுக்காமலே போயிருக்கிறான்.

"பின்னாடி சின்னச் சின்ன லைட் இருக்கும். எத்தனை எரியுது?"

"ஒண்ணு. அதுவும் அழுது வடியுது."

"தட்டை இடது பக்கமா மெதுவா திருப்புங்க."

"என் இடதா, உன் இடதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதாண்ணே! தட்டுக்குப் பின்னாடி நின்னு, சோத்துக் கைக்கு மறு கை. மெதுவா. ஐயோ, அவ்வளவு இல்லை. திரும்பி வாங்க."

வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டோர்காரர் மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. போன் ஒருமுறை கீழே விழுந்து வானத்தைக் காட்டியது. டவர் கண்ணை மூடிக்கொண்டான், மெல்லத் திறந்தான், முன்னைவிடத் தணிந்த குரலில் சொன்னான்.

"அவசரம் இல்லண்ணே. போனைத் தொட்டிமேல சாய்ச்சு வச்சிடுங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. ஒரு விரல் அளவு நகர்த்துங்க. நில்லுங்க. லைட்டைச் சொல்லுங்க."

"ரெண்டு. மூணு. தம்பி, நாலும் எரியுது!"

"அசையாதீங்க. அப்படியே நட்டை முறுக்குங்க. இன்னும். கை வலிக்கிற வரைக்கும்."

"வலிக்குதுப்பா."

"இன்னும் ஒரு சுத்து."

சற்று நேரத்தில் மேனேஜரின் போன் ஒலித்தது. அங்கிருந்து சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டுப் போனை அணைத்தார். "சரி. இங்கேயே பார்த்துக்கோ," என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டார். வாய்ஸ் மெசேஜில் வரும் என்று நினைக்கிறேன்.

டவர் எழுந்து கையைக் காலை உதறினான். நிம்மதியாக ஒரு டீ குடிக்கட்டும் என்று நான் தம்ளரை எடுப்பதற்குள் கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"டவரு! புது ஓட்டை வர்ற இடத்துல உன் பெட்டியும் கேபிள் குழாயும்தான் நிக்குது. நீ எடுத்தாத்தான் நான் கம்பியில கை வைப்பேன்!"

அவன் என்னைப் பார்த்தான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனான். மதியத்துக்குள் அந்தக் கேபிளை முழுவதுமாக அவிழ்த்து, அடுத்த தூணுக்கு மாற்றி மாட்டிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.